வானிலைச் செய்தி எழுதி ஃப்ரீலான்ஸாகச் சம்பாதிப்பது எப்படி?

வானிலைச் செய்தியைப் படிக்காத ஆள் கிடையாது. ஆனால் அதற்கென்றே தனியாக ஒரு நிருபரை வைத்திருக்கும் செய்தி நிறுவனங்கள் ரொம்பக் குறைவு. சாதாரண நாளில் டெஸ்கில் (செய்திகளைத் திருத்தி வெளியிடும் பிரிவில்) இருக்கும் யாராவது ஒருவர் வானிலை மையத்தின் அறிக்கையை நாலு வரியாகச் சுருக்கிப் போட்டுவிடுவார், வேலை முடிந்தது. புயல் ஒன்று உருவாகும்போது, வெப்ப அலை வாரக்கணக்கில் நீளும்போது, ஆறு கரை புரளும்போதுதான் விஷயம் தெரிந்த ஆள் தேவைப்படுவார், அதுவும் உடனே. அந்த நேரத்தில் எடிட்டர் யாரைக் கூப்பிடுவார் என்று யோசித்துப் பாருங்கள். யார் எழுதிக் கொடுத்ததைத் திரும்பச் சரிபார்க்காமல் தளத்தில் ஏற்ற முடியுமோ அவரைத்தான் கூப்பிடுவார். அழகான நடையெல்லாம் அப்புறம். எண், நேரம், இடம், யார் சொன்னது, இந்த நாலும் சரியாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்த வேலைக்குள் நுழையவும் அதுதான் வழி, நிலைத்து நிற்கவும் அதுதான் வழி.

வானிலை அறிவியலில் பட்டம் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அறிக்கைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் பொறுமை போதும். நீங்கள் முன்னறிவிப்பாளர் இல்லை, முன்னறிவிப்பைப் பற்றி எழுதுபவர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டைக் கடைசிவரை தாண்டாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் ஒழுக்கம்.

என்ன வகை வேலை கிடைக்கும்

"இன்று அதிகபட்ச வெப்பநிலை இவ்வளவு, மாலையில் லேசான மழை" என்ற தினசரிக் குறிப்பை நம்பி இறங்காதீர்கள். அதைத் தரவிலிருந்து நேராகச் செய்தியாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன, அந்த வேலை இனி சுருங்கும், வளராது. மனிதர் தேவைப்படுவது வேறு இடங்களில். புயல் நேரத்தில் நேரலை அப்டேட்டுகளுக்கு ஷிப்ட் அடிப்படையில் ஆள் எடுப்பார்கள். "இது ஏன் நடக்கிறது" என்று விளக்கும் கட்டுரைகள் இருக்கின்றன. பருவம் தொடங்கும் முன் வரும் முன்னோட்டம், பேரிடர் முடிந்தபின் எங்கே தவறியது என்று பார்க்கும் நீண்ட கட்டுரை, பழைய தரவை வைத்து எழுதும் கட்டுரை என்று இன்னும் உண்டு. இவை எல்லாம் பொதுச் செய்தித் தளங்களுக்கு.

பலர் கவனிக்காத இன்னொரு பக்கம், துறை சார்ந்த இதழ்களும் நிறுவனங்களும். கப்பல் போக்குவரத்து, விமானம், காப்பீடு, வேளாண்மை, சூரிய மின்சாரம், காற்றாலை, கட்டுமானம், இவற்றில் எல்லாம் வானிலை என்பது நேராகப் பணம். காற்று குறைந்தால் மின் உற்பத்தி குறைகிறது, அறுவடை நேரத்தில் மழை பெய்தால் விலை மாறுகிறது. இங்கே வாசகர் கூட்டம் சின்னது, ஆனால் பொதுத் தளங்களைவிடப் பெரும்பாலும் நல்ல ரேட் கிடைக்கும், டெட்லைனும் கொஞ்சம் மூச்சு விட இடம் தரும். புதிதாக வருபவருக்கு என் யோசனை இதுதான்: முதலில் விளக்கக் கட்டுரைகளில் தொடங்குங்கள், ஒரு துறையைக் கூடவே பிடித்துக்கொள்ளுங்கள், நேரலை ஷிப்டுக்கு அப்புறம் போகலாம். நேரலையில் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது, கற்றதைப் பயன்படுத்தத்தான் நேரம் இருக்கும்.

யார் சொன்னதை எடுப்பது

ஐ.நா.வின் கீழ் இயங்கும் உலக வானிலை அமைப்பு ஜெனீவாவில் இருக்கிறது, அதன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள் 1950 மார்ச் 23. அதனால்தான் அந்தத் தேதி உலக வானிலை நாள். அந்த அமைப்பு நேரடியாக எந்த ஊருக்கும் எச்சரிக்கை விடுவதில்லை. எச்சரிக்கை விடுவது அந்தந்த நாட்டின் அரசு வானிலை மையம். வெப்பமண்டலப் புயல்களுக்கு மட்டும் கடல்களைப் பிரித்து, மயாமி, ஹொனலுலு, டோக்கியோ, புது தில்லி, லா ரீயூனியன் தீவு, ஃபிஜியின் நாடி என ஆறு இடங்களில் மண்டலச் சிறப்பு மையங்கள் இருக்கின்றன. நீங்கள் எழுதும் புயல் எந்த மையத்தின் எல்லைக்குள் வருகிறது என்பது எழுத உட்காரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே புயலுக்கு இரண்டு மையங்கள் இரண்டு காற்று வேகம் சொல்லும், இரண்டும் சரியாகவே இருக்கும். அமெரிக்க மையங்கள் 1 நிமிடச் சராசரியை எடுக்கின்றன. புது தில்லி 3 நிமிடச் சராசரி. டோக்கியோ 10 நிமிடச் சராசரி. சராசரி எடுக்கும் நேரம் கூடக் கூட எண் குறையும், அதனால் அமெரிக்க ராணுவத்தின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் சொல்லும் எண் பெரும்பாலும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். பெரிய எண்ணைப் பார்த்ததும் அதைத் தலைப்பில் வைக்க எடிட்டருக்கு ஆசை வரும். "புயல் மேலும் வலுத்தது" என்று யாராவது எழுதியும் விடுவார்கள், உண்மையில் மாறியது புயல் இல்லை, அளவீட்டு முறை. ஒரு கட்டுரைக்குள் ஒரே மையத்தின் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள், எந்த மையம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

வானிலையைக் கணக்கிட்டு முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரு நாளைக்கு 4 முறை ஓடும், 00, 06, 12, 18 யுடிசி (உலகப் பொது நேரம்) நேரங்களில், 16 நாள் வரை முன்னோக்கிக் காட்டும். ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி பொதுவாக இன்னும் துல்லியமானது என்று பெயர் வாங்கியது. அந்த மையம் 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றையும் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. இவற்றின் வரைபடங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் கிடைக்கின்றன, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 12 நாள் கழித்து ஒரு பெரும்புயல் கரையில் மோதுவதாக ஒரே ஒரு ஓட்டத்தில் ஒரு படம் வரும், அடுத்த ஓட்டத்தில் காணாமல் போகும், அதற்குள் அந்த ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றி முடிந்திருக்கும். தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி ஒரே மாதிரியைப் பல தடவை ஓட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது, ஐரோப்பிய மையம் இப்படி 51 ஓட்டங்களை ஓட்டுகிறது, ஒவ்வொன்றையும் ஓர் உறுப்பினர் என்பார்கள். அதில் எத்தனை உறுப்பினர்கள் ஒரே பக்கம் சாய்கின்றன என்பதுதான் செய்தி. ஒற்றைப் படம் செய்தியே இல்லை. அந்தப் படத்தைக் கேட்டு எடிட்டர் வற்புறுத்தினாலும் தர மறுத்துவிடுங்கள், அந்த ஒரு கட்டுரை போனால் போகட்டும்.

ஓர் அறிக்கையைச் செய்தியாக்குவது

இதை நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வேலையில் முக்கால் பங்கு இதுதான். இப்படி ஓர் அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கடந்த 6 மணி நேரத்தில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் வடமேற்கு நோக்கி நகர்ந்து, 0300 யுடிசி நிலவரப்படி கரையிலிருந்து 420 கி.மீ. தொலைவில் நிலைகொண்டுள்ளது. அடுத்த 24 மணி நேரத்தில் புயலாக வலுப்பெறக்கூடும். கடலோரப் பகுதிகளில் ஓரிரு இடங்களில் மிக கனமழைக்கு வாய்ப்புள்ளது."

அவசரத்தில் இது எப்படி வெளியாகும் தெரியுமா? "12 கி.மீ. வேகத்தில் வீசும் புயல் 24 மணி நேரத்தில் கரையைத் தாக்குகிறது, கடலோரம் முழுவதும் மிக கனமழை." ஒரே வரியில் ஐந்து தவறு. 12 கி.மீ. என்பது அந்த மண்டலம் நகரும் வேகம், காற்றின் வேகம் இல்லை. அது இன்னும் புயல் ஆகவில்லை. 24 மணி நேரம் என்றது வலுப்பெறுவதற்கு, கரையைக் கடப்பதைப் பற்றி அறிக்கை வாயே திறக்கவில்லை. "கூடும்" என்பது "தாக்குகிறது" ஆகிவிட்டது. "ஓரிரு இடங்களில்" என்பது "முழுவதும்" ஆகிவிட்டது. இதில் கடைசி இரண்டும்தான் ரொம்ப மோசமானவை, ஏனென்றால் மற்றதை யாராவது கண்டுபிடித்துத் திருத்துவார்கள், இதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சரி, எப்படி எழுதலாம்? முதலில் யுடிசியை உங்கள் வாசகர் இருக்கும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். "அடுத்த 24 மணி நேரத்தில்" என்பதை அப்படியே விடாதீர்கள், அந்த 24 மணி நேரம் அறிக்கையில் உள்ள நேரத்திலிருந்து தொடங்குகிறது, உங்கள் கட்டுரை ஏறிய நேரத்திலிருந்தோ வாசகர் படிக்கும் நேரத்திலிருந்தோ இல்லை. "நாளை காலைக்குள்" என்று கிழமையோடு எழுதிவிட்டால் இரவு 11 மணிக்குப் படிப்பவரும் குழம்ப மாட்டார். அப்புறம் வாக்கியங்களின் வரிசை. வாசகருக்கு முதலில் வேண்டியது தன் வீட்டுக்கு என்ன ஆகும் என்பது, மண்டலம் எத்தனை கி.மீ. தள்ளி இருக்கிறது என்பது இல்லை. ஆகவே இப்படி: "கடலோரத்தில் ஓரிரு இடங்களில் மிக கனமழை பெய்யலாம் என வானிலை மையம் கூறியுள்ளது. கடலில் 420 கி.மீ. தொலைவில் உள்ள ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நாளை, புதன்கிழமை காலைக்குள் புயலாக வலுப்பெறக்கூடும். அது எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்று மையம் இன்னும் அறிவிக்கவில்லை." அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் உள்ளதிலேயே பயனுள்ள வாக்கியம், ஏனென்றால் வதந்தி எப்போதும் அந்த வெற்றிடத்தில்தான் முளைக்கிறது.

"மிக கனமழை" போன்ற சொற்களுக்குப் பின்னால் எண் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். இந்திய வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. வேறு நாடுகளில் வேறு கணக்கு. எச்சரிக்கை நிறங்களும் அப்படித்தான். பிரிட்டனில் மஞ்சள், ஆம்பர் (செம்மஞ்சள்), சிவப்பு என்று விடுவது, பாதிப்பு எவ்வளவு இருக்கும், நடக்க எவ்வளவு வாய்ப்பு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்து. பாதிப்பு பெரிதாகவும் வாய்ப்பு குறைவாகவும் இருந்தாலும் மஞ்சள் வரும். ஆகவே "வெறும் மஞ்சள்தானே" என்ற தொனியில் எழுதக் கூடாது. நீங்கள் எழுதும் நாட்டின் அட்டவணையை அச்சடித்து மேஜைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

மழை அளவைச் சொல்லும்போது வாசகருக்குக் கைக்கு எட்டும்படி ஆக்க ஒரு சுலப வழி இருக்கிறது: 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 200 மி.மீ. பெய்தால் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் வடிகால் ஏன் தாங்கவில்லை என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை. கூடவே, "இன்று பெய்த மழை" என்று வரும் எண் பெரும்பாலும் நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரையிலான 24 மணி நேரக் கணக்கு. எந்த மணி முதல் எந்த மணி வரை என்று பார்த்து எழுதுங்கள்.

நிச்சயமில்லாததை எழுதுவது

வானிலை எழுத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. புயல் பாதை வரைபடத்தில் கூம்பு மாதிரி விரியும் வெள்ளைப் பகுதியைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க தேசிய சூறாவளி மையம் அதைப் போடுவது, கடந்த 5 ஆண்டுகளில் தன் கணிப்புகள் எவ்வளவு தள்ளிப்போயின என்ற கணக்கை வைத்து. புயலின் மையப்புள்ளி மூன்றில் இரண்டு பங்கு நேரம் அந்தக் கூம்புக்குள் இருக்கும், அவ்வளவுதான் அதன் பொருள். அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு நேரம் வெளியே போகிறது! அது புயலின் அகலத்தையும் காட்டுவதில்லை, மழை எங்கே பெய்யும் என்றும் காட்டுவதில்லை. "எங்கள் ஊர் கூம்புக்கு வெளியே இருக்கிறது" என்று மக்கள் நிம்மதியாகத் தூங்கப் போவது உண்மையிலேயே நடக்கிறது, படத்தைப் போடும் ஒவ்வொரு முறையும் இந்த விளக்கத்தை ஒரு வரியாவது சேருங்கள்.

"நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்பதும் இதே ரகம். அது எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்பு என்பதைச் சொல்லும் கணக்கு, ஒரு தடவை வந்துவிட்டால் இன்னும் 99 ஆண்டு கவலையில்லை என்று அர்த்தம் இல்லை. 30 ஆண்டு ஒரே வீட்டில் இருப்பவருக்கு அந்த வெள்ளத்தை ஒரு தடவையாவது பார்க்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட நாலில் ஒன்று. இப்படி எழுதினால் வாசகருக்கு உறைக்கும்.

வாய்ப்பைச் சொல்லும்போது பயமுறுத்தவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். 2021 ஜூலையில் ஜெர்மனியில் வந்த வெள்ளத்துக்கு ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு நாட்கணக்கில் முன்பே அறிவிப்பு கொடுத்திருந்தது. ஆனாலும் அந்த நாட்டில் மட்டும் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணிப்பு இருந்தது, அது மக்களிடம் போய்ச் சேர வேண்டிய விதத்தில் சேரவில்லை. நாம் எழுதும் நாலு பத்தி அந்த இடைவெளியில்தான் நிற்கிறது, அதனால்தான் ஒரு "கூடும்" பற்றி இவ்வளவு நீளமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சாதனை என்று வந்தால் நில்லுங்கள்

"வரலாறு காணாத" என்று எழுதும் முன் யார் உறுதி செய்தார்கள் என்று பாருங்கள். 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையத்தில் 52.9 டிகிரி செல்சியஸ் பதிவானதாக வந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. பக்கத்து நிலையங்கள் எதிலும் அந்த அளவு இல்லை. பிறகு இந்திய வானிலைத் துறை ஆய்வு செய்து, அந்த உணரி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதாகச் சொன்னது. அன்றைக்கு "முதல்கட்டத் தகவல், சரிபார்க்கப்படுகிறது" என்று எழுதியவர்களுக்கு மறுநாள் திருத்தம் போடும் வேலை இல்லை. இதைவிடப் பெரிய உதாரணம் லிபியாவின் அல் அஜீஜியா. 1922-ல் அங்கே பதிவான 58 டிகிரிதான் உலகின் உச்சம் என்று 90 ஆண்டுகள் பாடப்புத்தகம் வரை இருந்தது. 2012-ல் உலக வானிலை அமைப்பு அதைச் செல்லாது என்று நீக்கியது. இப்போது அந்த இடத்தில் இருப்பது 1913 ஜூலை 10 அன்று கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரி.

கார் டாஷ்போர்டு காட்டும் வெப்பநிலை, மொட்டை மாடியில் வெயிலில் வைத்த வெப்பமானி, இவை எதுவும் கணக்கில் வராது. அதிகாரப்பூர்வ அளவு என்பது நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள், தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர் முதல் 2 மீட்டர் உயரத்துக்குள் எடுப்பது. "உணரும் வெப்பநிலை" (ஈரப்பதமும் காற்றும் சேர்ந்து உடலுக்குத் தோன்றும் வெப்பநிலை) வேறு, காற்றின் வெப்பநிலை வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால் வாசகர் பெரியதைத்தான் நினைவில் வைப்பார்.

பருவநிலை மாற்றத்தோடு முடிச்சுப் போடுவதிலும் இதே நிதானம் தேவை. ஒரு வெப்ப அலை வந்ததுமே "பருவநிலை மாற்றத்தால் வந்தது" என்று எழுதுவது சரியில்லை, "இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்பதும் சரியில்லை. வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் போன்ற குழுக்கள் ஒரு குறிப்பிட்ட நிகழ்வு எத்தனை மடங்கு அதிக வாய்ப்புள்ளதாக ஆகியிருக்கிறது என்று கணக்கிட்டு வெளியிடுகின்றன. அது வரும்வரை, வெப்பமான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 சதவீதம் கூடுதலாக என்ற பொது இயற்பியலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிட்ச் அனுப்புவது

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்களே, அது இந்தத் தொழிலுக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். ஆனால் காற்று வந்தபின் முறத்தைத் தேடினால் முடியாது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1-ல் தொடங்கி நவம்பர் 30-ல் முடிகிறது. வட இந்தியப் பெருங்கடலில் பருவமழைக்கு முன்னும் பின்னும் இரண்டு உச்சம். தென் அரைக்கோளத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா தன் அட்லாண்டிக் முன்னோட்டத்தை மே மாதத்தில் வெளியிடும். ஐரோப்பாவின் பருவநிலைக் கண்காணிப்புச் சேவையான கோபர்நிக்கஸ் மாதந்தோறும் முதல் வாரங்களில் உலக வெப்பநிலை அறிக்கை தரும். இவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்த தேதிகள், ஆகவே மூன்று வாரம் முன்பே பிட்ச், அதாவது இப்படி ஒரு கட்டுரை தருகிறேன் என்று எடிட்டருக்கு அனுப்பும் யோசனை, போகலாம். விளக்கக் கட்டுரைகளைப் பாதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: புயலுக்குப் பெயர் எப்படி வைக்கிறார்கள், எல் நினோ என்றால் என்ன, வெப்ப அலையை எப்படி அறிவிக்கிறார்கள். நாள் வந்ததும் மேலே நாலு வரி புதுத் தகவல் சேர்த்து ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். எடிட்டருக்கு அந்த வேகம் பிடிக்கும்.

பிட்ச் மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். இந்த அளவு போதும்:

"வணக்கம். இன்னும் மூன்று வாரத்தில் தொடங்கும் புயல் பருவத்தையொட்டி, பாதை வரைபடத்தில் வரும் கூம்பை மக்கள் எப்படித் தவறாகப் படிக்கிறார்கள் என்று 900 சொற்களில் ஒரு விளக்கக் கட்டுரை தர முடியும். ஒரு வானிலை அறிவியலாளரும் ஒரு பேரிடர் மேலாண்மை அதிகாரியும் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். படங்கள் உரிமம் தேவைப்படாத அரசுத் தளத்திலிருந்து. செவ்வாய்க்கிழமை காலைக்குள் தருகிறேன். நான் எழுதிய இரண்டு கட்டுரைகளின் லிங்க் கீழே."

இதில் உங்கள் வாழ்க்கை வரலாறு இல்லை, வானிலையின் மேல் உங்களுக்குச் சின்ன வயதிலிருந்து உள்ள ஆர்வம் இல்லை. எப்போது, எவ்வளவு, யார் பேசுவார்கள், படம் எங்கிருந்து, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். பேச ஒப்புக்கொண்டவர்கள் உண்மையிலேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அறிவியலாளர்களின் தொடர்பை அமைதியான மாதங்களில் உருவாக்குங்கள். புயல் நாளில் முதல் தடவையாகக் கூப்பிட்டால் அவர் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது, அவருக்கு அன்று வேறு வேலை இருக்கிறது.

படங்கள் பற்றி: நோவா, நாசா போன்ற அமெரிக்க அரசு அமைப்புகள் தாங்களே தயாரித்த படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. ஐரோப்பிய மையத்தின் திறந்த வரைபடங்களை மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். தனியார் செயலிகளின் அழகான வண்ண வரைபடங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவது வேறு விஷயம், அனுமதி கேளுங்கள். மக்கள் அனுப்பும் வெள்ள வீடியோக்களில் பாதிக்குமேல் பழசாகவோ வேறு ஊருடையதாகவோ இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு ஃபிரேமை எடுத்துத் தேடுபொறியில் படமாகத் தேடிப் பார்ப்பது, பின்னால் தெரியும் கட்டடத்தைத் தெருக்காட்சியோடு ஒப்பிடுவது, அதே நேரத்துச் செயற்கைக்கோள் படத்தில் அங்கே மேகம் இருந்ததா என்று பார்ப்பது, இந்த மூன்றையும் செய்தால் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். எடுத்தவரிடம் நேரடியாகக் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஒரு சட்ட விஷயம். சில நாடுகளில் தனியாக முன்னறிவிப்பு வெளியிடவே உரிமம் வேண்டும், ஜப்பானில் அப்படித்தான். நீங்கள் எழுதும் நாட்டில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் "என் கணிப்புப்படி" என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

பணம், ஒப்பந்தம்

சொல்லுக்கு இவ்வளவு என்ற ரேட் விளக்கக் கட்டுரைக்குச் சரி, நேரலைக்குச் சரிவராது. புயல் இரவில் நீங்கள் எழுதும் சொற்கள் 600 ஆக இருக்கலாம், ஆனால் விழித்திருந்த நேரம் 9 மணி நேரம். அதற்கு ஷிப்ட் ரேட்டோ மணிக்கணக்கோ கேளுங்கள், இரவுக்கும் விடுமுறைக்கும் கூடுதலாகக் கேளுங்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம். அடுத்தது அப்டேட். ஒரு கட்டுரைக்கு விலை பேசி, அதை எட்டு தடவை புதுப்பிக்கச் சொல்வது ரொம்ப சாதாரணம். "இந்த விலைக்குள் இரண்டு அப்டேட் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு" என்று முன்பே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். பேச்சுவாக்கில் சொன்னது இன்வாய்ஸ் நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

வானிலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: புயல் திசை மாறிப் போய்விடும், கட்டுரை தேவையில்லாமல் போகும். நீங்கள் வேலை செய்துவிட்டீர்கள், அது உங்கள் குற்றம் இல்லை. ஏற்றுக்கொண்ட கட்டுரையைப் போடாமல் விட்டால் பேசிய தொகையில் ஒரு பங்கு தர வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தத் துறையில் எழுதுபவருக்கு மற்ற எந்த விதியையும்விட இது முக்கியம் என்பது என் கருத்து. உரிமை விஷயத்தில், விளக்கக் கட்டுரைகளின் உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்காமல் இருக்கப் பாருங்கள், அதே அடிப்படைத் தகவலை அடுத்த பருவத்தில் வேறு கோணத்தில் வேறு இடத்துக்கு எழுத வேண்டியிருக்கும். பிழைக்கு ஆகும் எல்லாச் செலவும் எழுதியவர் தலையில் என்று ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள், எடிட்டர் மாற்றிய தலைப்புக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியாது.

களத்துக்குப் போகச் சொன்னால், யார் பயணச் செலவு, யார் காப்பீடு, யாரிடம் எத்தனை மணிக்கொரு தடவை தகவல் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் போகாதீர்கள். ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், இரண்டடி ஆழம் பெரும்பாலான கார்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். உள்ளூரில் ஏற்கெனவே இருப்பவரிடம் போனில் பேசி எழுதிய செய்தி பல நேரம் நேரில் போய் எழுதியதைவிட நன்றாகவே இருக்கும்.

எழுதி முடித்தபின் ஒரு பழக்கம். நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு அறிக்கையையும் அதன் நேரத்தோடு சேமித்து வையுங்கள். பல வானிலை மையங்களின் தளங்களில் புது அறிக்கை வந்ததும் பழையது காணாமல் போய்விடும், ஒரு வாரம் கழித்து "இந்த எண் எங்கிருந்து வந்தது" என்று எடிட்டர் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. தேதி வாரியாக ஒரு ஃபோல்டர் போதும். கட்டுரையின் தலையில் "எந்த நேர நிலவரம்" என்று போடுங்கள், திருத்தம் செய்தால் என்ன திருத்தினீர்கள் என்று கீழே எழுதச் சொல்லுங்கள், பருவம் முடிந்ததும் அந்த ஃபோல்டரைத் திறந்து முன்னறிவிப்பு என்ன, நடந்தது என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த நீண்ட கட்டுரைக்கான பிட்ச் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.